பித்தளை மட்டும் தேய்ந்த பூட்டு

அருகே வாருங்கள், கண்மணிகளே. போர்வையை நன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள், கூடாரத்தின் அந்தப் பக்கம் காற்று நுழைகிறது. அந்தச் சின்னவளை என் மடியில் விடுங்கள். இன்று உங்களுக்கு ஒரு பூட்டின் கதை சொல்லப் போகிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் இதில் வரும் ஒருவனின் பெயரை மட்டும் நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். காரணத்தைக் கதையே சொல்லிவிடும்.

கெல்லா நம் ஹொக்கார் மலையடிவாரத்துப் பெண். அவளிடம் ஒரு தோல்பை இருந்தது. கல்யாணத்தின்போது தாய் கொடுத்தது. ஆட்டுத்தோல், சிவப்பும் பச்சையுமாகச் சாயம், கீழே நீண்ட குஞ்சங்கள். ஒட்டகத்தின் பக்கவாட்டில் தொங்கவிட்டால் குஞ்சங்கள் ஒட்டகத்தின் முழங்காலைத் தடவிக்கொண்டே வரும். வெண்ணெய் தடவித் தடவி அந்தத் தோல் காதுமடல் போல மெத்தென்று ஆகியிருந்தது. கூடாரம் அவளுடையது, ஆடுகள் அவளுடையவை, ஆனால் 'உனக்கென்று என்ன இருக்கிறது' என்று யாராவது கேட்டால் அவள் அந்தப் பையைத்தான் காட்டுவாள்.

பையின் வாயில் தோல் வளையங்கள். வளையங்களுக்குள் ஒரு தாழ்க்கோல் போகும், கோலின் முனையில் பூட்டு. இரும்புப் பூட்டு, மேலே அழகுக்குப் பித்தளைப் பட்டைகள் பதித்தது. சாவியை அவள் நம் பெண்கள் எல்லோரையும் போலத் தலைத்துணியின் நுனியில் கட்டித் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பாள். அந்தப் பாரத்தில் துணி காற்றுக்குப் பறக்காது. நடந்தால் முதுகில் டொக், டொக் என்று தட்டும்.

அவள் புருஷன் உப்பு ஏற்றிக்கொண்டு தெற்கே தாமெர்கூவுக்குக் கிளம்பினான். உப்பைக் கொடுத்துக் கம்பு வாங்கி வரும் பயணம். கிளம்பும் அன்று ஒரு புது முகத்துணியை அவள் கையில் கொடுத்தான். நம் ஆண்கள் தலையோடு மூக்கும் வாயும் மறையச் சுற்றிக் கட்டுவார்களே, அது. நல்ல நீலச் சாயத் துணி. தொட்டாலே விரலில் நீலம் ஒட்டும்.

"இதை நான் இப்ப கட்டல," என்றான். "வழியில புழுதியில வீணாப் போயிடும். உள்ள வெச்சுப் பூட்டு. நான் திரும்பி வர்ற அன்னைக்கு உங்கையாலயே கட்டி விடணும்."

"நான் கட்டினா கோணலாத்தான் இருக்கும்."

"கோணலா இருந்தா ஊருக்கே தெரியும்ல, பொண்டாட்டி கட்டி விட்டதுன்னு."

அவள் சிரித்துக்கொண்டே துணியின் ஒரு மூலையில் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு தையல் போட்டாள், அடையாளத்துக்கு. பையில் வைத்தாள். பூட்டினாள்.

குளிர்காலம் முடிந்து மற்றவர்கள் கம்பு மூட்டைகளோடு திரும்பினார்கள். அவன் மட்டும் இல்லை. "ஒட்டகம் ஒண்ணு அறுத்துக்கிட்டு ஓடிடுச்சு. நீங்க போய்க்கிட்டே இருங்க, பிடிச்சுக்கிட்டு வந்து சேந்துக்கிறேன்னான்," என்றார்கள். சேர்ந்துகொள்ளவில்லை. தேடினார்கள். காற்று அடித்ததில் தடம் எல்லாம் அழிந்து போயிருந்தது.

கெல்லா அழவில்லை. ஒவ்வொரு நாளும் பொழுது சாயும் நேரத்தில் கூடாரத்துக்கு வெளியே வந்து, தெற்கே பார்த்து, மேய்ச்சலுக்குப் போன ஒட்டகத்தைக் கூப்பிடுவது போல உரக்க அவன் பெயரைக் கூப்பிடுவாள். கேட்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். செத்துப்போனவர் பெயரை நாம் சொல்வதில்லை. சொன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார், நின்றுவிடுவார். அதற்காகத்தான் ஒருவர் இறந்தால் பாளையத்தையே பெயர்த்துக்கொண்டு வேறு இடம் போகிறோம். ஆனால் இவன் செத்தான் என்று யாரால் சொல்ல முடியும்? சொல்ல முடியாததால் யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை.

அப்படியிருக்க ஒரு நாள் காலையில் பையின் பூட்டு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே துணி மடித்தபடியே இருந்தது. கை தவறியிருக்கும் என்று மறுபடி அழுத்திப் பூட்டினாள். மறுநாளும் திறந்திருந்தது. அதற்கு மறுநாளும். பையைத் தூக்கிக்கொண்டு கொல்லன் அனாபாவின் கூடாரத்துக்குப் போனாள்.

கொல்லர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன? அவர்கள் வாய்க்குப் பூட்டு கிடையாது, நமக்கு அவர்கள்மேல் கோபம் வரவும் கூடாது. கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் அவர்கள் மனத்தாங்கல் நம் ஆட்டு மடியில் போய் நிற்கும்.

"வா தாயி, வா!" என்றான் அனாபா, துருத்தியை விட்டு எழாமலே. அவன் முகத்துணி நெருப்புப் பொறி பட்டு ஓட்டை ஓட்டையாக இருக்கும். "பூட்டுக்கு வந்தியா, இல்ல என் மூஞ்சியைப் பாக்க வந்தியா?"

"பூட்டுக்குத்தாண்ணே. உங்க மூஞ்சியைப் பாத்தா என் ஆட்டுக்குப் பால் வத்திப் போயிடும்."

"அப்படிப் போடு! இவ வாய் செத்துப் போச்சுன்னு நெனச்சேன் தெஹித், உசிரோடதான் இருக்கு!"

அவன் மனைவி தெஹித் உள்ளே தோலுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பையைத் தைத்தவள் அவள்தான். கை முழுக்கச் சிவப்போடு வெளியே வந்து, பையைப் பார்த்ததும் பெற்ற பிள்ளையைப் பார்த்தது போல மோந்து பார்த்தாள். "தோலை நல்லா வெச்சிருக்கேடி. பூட்டுக்கு என்ன?"

"தானாத் தொறந்துக்குது."

"பூட்டுக்கு வயசாயிடுச்சு," என்றான் அனாபா. "உள்ள அம்பு முள்ளு மாதிரி ரெண்டு தகடு விரிஞ்சு நிக்கும். சாவி போனா மடங்கும், எடுத்தா விரியும். தினமும் பத்துத் தடவை தொறந்து மூடினா அது என்ன பண்ணும் பாவம்?"

"நான் தொறக்கவே இல்லண்ணே. அவரு போன அன்னைக்குப் பூட்டினது. சாவி என் முதுகை விட்டு எறங்கல."

"பொய் சொல்லாத தாயி. இது தினமும் கை படுற பூட்டு. எனக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே பூட்டை மணலால் தேய்த்து, வெயிலில் திருப்பிப் பார்த்தான். இன்னொரு முறை திருப்பினான். பேச்சு நின்றது. கண்மணிகளே, கொல்லன் பேசினால் சிரிக்கலாம். கொல்லன் பேச்சை நிறுத்தினால் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"இங்க பாரு," என்றான் மெதுவாக. "இந்தப் பித்தளைப் பட்டையில நான் பூவேலை வெட்டியிருந்தேன். எங்க அது? மொழுமொழுன்னு தேஞ்சு கெடக்கு. கை படாத பித்தளை இத்தனை மாசத்துல கறுத்துப் போயிருக்கணும், இது காலையிலதான் தேச்ச மாதிரி மின்னுது. இப்ப பக்கத்துலயே இரும்பைப் பாரு."

பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பில் துரு பூத்திருந்தது. பொடிப் பொடியாக, கலையாமல்.

"ஒரு விரல்கூடப் படல," என்றான். "நீ பிடிச்சாலும் நான் பிடிச்சாலும் ரெண்டு மேலயும்தானே கை படும்? இது பித்தளையை மட்டும் பாத்துப் பாத்துப் பிடிச்சிருக்கு. பிடிச்சு இழுத்திருக்கு. இழுத்து இழுத்து உள்ள தகடு ரெண்டும் படுத்தே போச்சு."

"இரும்பைத் தொடாம பூட்டைப் பிடிக்கிறது யாரு?" என்றாள் தெஹித்.

பச்சைக் குழந்தையின் தலைமாட்டில் நாம் எதற்குக் கத்தி வைக்கிறோம்? ஆளில்லாத வெளியில் இருக்கிறவர்கள், அந்தத் தனிமைக்காரர்கள், இரும்பு இருக்கும் இடத்துக்குக் கை நீட்ட மாட்டார்கள். இது அங்கே இருந்த மூவருக்கும் தெரியும்.

கெல்லாவின் முகம் இறுகியது. "அப்ப அதுங்கதான். அவரு என்னை நம்பிக் குடுத்ததை எடுத்துக்கிட்டுப் போகப் பாக்குதுங்க. அது போயிட்டா அவரும் போன மாதிரி. அண்ணே, பித்தளையே வேண்டாம். எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுட்டு முழுக்க இரும்பாப் போடுங்க."

'அப்படி என்னதான் குடுத்தான்?' என்று அனாபா கேட்டிருக்கலாம். தெஹித் கேட்டிருக்கலாம். ஆனால் பெண்ணின் பையில் என்ன இருக்கிறது என்று கேட்பது நம்மிடையே வழக்கமில்லை, வாய்ப்பூட்டு இல்லாத கொல்லன்கூட அதைக் கேட்க மாட்டான். அன்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அனாபா உளியால் பித்தளைப் பட்டைகளைப் பெயர்த்து எடுத்தான். லாரிக்காரர்கள் பாதையோரம் போட்டுவிட்டுப் போன வில்தகட்டுத் துண்டு ஒன்று வைத்திருந்தான். அதில் இரண்டு நறுக்கு வெட்டி, காய்ச்சி, தட்டி, நெய்யில் முக்கி எடுத்தான். நெய் பொரியும் வாசனை பரவியதும் ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. பார்த்தது நெருப்பை அல்ல. அனாபாவின் முதுகுக்குப் பின்னால், தெற்கே.

புதுத் தகடுகளை அறைந்து, தாழ்க்கோலையும் இரும்பில் மாற்றி, பூட்டிப் பார்த்தான். படார் என்று விழுந்தது.

"இனிமே ஷைத்தான் வந்தாலும் சாவி கேட்டுத்தான் தொறக்கணும். அந்தக் காது மடிஞ்ச ஆட்டைக் குடு தாயி."

"அது எங்கிட்ட இருக்கிறதுலயே நல்ல கறவை."

"அதனாலதானே கேக்குறேன்!"

கொடுத்துவிட்டாள்.

பூட்டு அதன் பிறகு திறக்கவில்லை. கெல்லாவுக்கு நிம்மதி. ஆனால் அந்த வாரத்தில் பள்ளத்தாக்கில் புல் தீர்ந்துவிட்டது. அவள் தம்பி கியார், அந்தப் பாளையத்தை நடத்துகிறவன், கூடாரத்து வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, வடக்கே மழை பெஞ்சிருக்காம். எல்லாரும் கெளம்பணும்னு நிக்கிறாங்க."

"கெளம்புங்க. நான் இருக்கேன்."

"ஒத்தையிலயா?"

"அவரு வந்தா இங்கதானே வருவாரு? வந்து பாத்து, அடுப்புக் கல்லு மட்டும் கெடந்தா என்ன நெனப்பாரு?"

"அக்கா…" கியார் மணலைக் கிளறினான். "வர்றவனா இருந்தா…"

"சொல்லாதே. கூடாரம் என்னோடது. நான் சொன்னாத்தான் பிரிக்கணும்."

அவளை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். ஆடுகள் முள்ளைத் தின்றன.

அப்புறம்தான் அந்தக் கூத்து தொடங்கியது. நடுப்பகலில் வேலமர நிழலில் தூங்கிக்கொண்டிருந்த கியார் விழித்தபோது அவன் முகத்துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. மூக்கு, வாய், தாடி எல்லாம் வெட்டவெளியாக. நேர் எதிரே அவன் மாமியார் மோர்த் தோற்பையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கியார் அன்று முழுக்க யார் கண்ணிலும் படாமல் ஒட்டகத்துக்குப் பின்னாலேயே நின்றான்.

"தூக்கத்துல நீயே இழுத்திருப்பே," என்று சிரித்தார் ஒரு பெரியவர். மறுநாள் நடுப்பகலில் அந்தப் பெரியவருக்கே நடந்தது. அவர் தாடையைத் தாய்க்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. பிறகு இன்னொருவருக்கு. ஒவ்வொரு முறையும் துணியின் நுனி தெற்குப் பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. எடுத்துப் போகவில்லை. நம் ஆண்கள் எல்லோரும் முன்கையில் கத்தி கட்டியிருப்பவர்கள் ஆயிற்றே. இழுத்துப் பார்த்துவிட்டு, இரும்பைக் கண்டு, விட்டுவிட்டுப் போனது போல இருந்தது.

"என் துணியை மட்டும் தொடவே இல்ல பாத்தியா," என்றான் அனாபா. "இந்த ஓட்டைச் சல்லடையைத் திருட பேய்க்கே வெக்கமா இருந்திருக்கும்."

வழக்கமாக அவன் பேச்சுக்குச் சிரிக்கிறவர்கள் அன்று சிரிக்கவில்லை. எல்லா ஆண்களும் இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு, தூங்காமல், சிவந்த கண்களோடு திரிந்தார்கள்.

அன்று பொழுது சாயும்போது கெல்லா வழக்கம்போல வெளியே வந்தாள். தெற்கே பார்த்து அவன் பெயரைக் கூப்பிட்டாள்.

ஓடைக்கரையில் ஒரு சவுக்குமரம் உண்டு. அதன் பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். முதுகைக் காட்டியபடி. அந்த முதுகை அவளுக்குத் தெரியும். அந்தச் சட்டையின் தோள் கிழிசலைத் தைத்ததே அவள்தான்.

இன்னொரு முறை கூப்பிட்டாள். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. ஆனாலும் அவன் கேட்டான். மெல்லப் பாதி திரும்பினான். திரும்பும்போதே இடது கையைத் தூக்கி, சட்டைக் கையால் வாயை மூடிக்கொண்டான்.

அவன் தலையில் துணி இல்லை. முடி காற்றில் பறந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், வெளிச்சத்தில், அவன் தலைமுடி காற்றில் பறந்து அவள் பார்த்ததே இல்லை.

கெல்லா ஓடினாள். முதுகில் சாவி டொக் என்று தட்டியது. அவன் ஓரடி பின்னால் போனான், நடக்காமலே. இன்னொரு அடி எடுத்து வைத்தாள். டொக். அவன் இன்னும் பின்னால் போனான். அவள் நின்றாள், அவனும் நின்றான். கையை வாயிலிருந்து எடுக்கவில்லை. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. கோபம் இல்லை அந்தக் கண்களில். கூட்டத்தின் நடுவே துணி அவிழ்ந்துவிட்ட ஒரு ஆண்பிள்ளை தன் பெண்டாட்டியை மட்டும் பார்த்து, 'ஏதாவது செய்யேன்' என்று கண்ணால் கேட்பானே, அந்தப் பார்வை.

அவள் கண்ணை இமைத்தாள். மரம் மட்டும் நின்றது. கிட்டே போய்ப் பார்த்தபோது ஓடை மணலில் அவள் காலடி மட்டும்தான் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாம் புரிந்தது. பூட்டைப் பிடித்து இழுத்தது யார், எதற்காக, திறந்தும் இரும்பைத் தாண்டிக் கைவிட்டுத் துணியை எடுக்க முடியாமல் போனது யார், ஆண்களின் துணியைத் தொட்டுத் தொட்டு விட்டது யார் எல்லாம். அவள் கூப்பிட்டதால்தான் அவனால் போக முடியவில்லை. முகம் மூடாமல் வீட்டுக்கு வரவும் முடியவில்லை. முகம் மூடாமல் அங்கே, முன்னோர்கள் முன்னால் போய் நிற்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறான். அவள் அவனுடைய துணியை இரும்புக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் அனாபாவின் முன்னால் பையை வைத்தாள்.

"இரும்பை எடுத்துடுங்க. பூரா. ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது."

அனாபா பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "போன வாரம்தானே தாயி…"

"உள்ள அவரோட முகத்துணி இருக்கு," என்றாள் கெல்லா. கேட்காமலே சொன்னாள். "புதுசு. வந்து கட்டிக்கிறேன்னு குடுத்தது."

தெஹித்தின் கையிலிருந்த தோல் நழுவியது. அவள் வந்து கெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சாயக் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு. நீ என்ன கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா? பூட்டியிருக்கிற வரைக்கும் உனக்கு ஒரு புருஷன் இருக்கான். வழியில இருக்கான், வந்துக்கிட்டு இருக்கான். இதை நீயே தொறந்து குடுத்துட்டா அப்புறம் கூப்பிடக்கூட ஒரு பேரு இல்லடி உனக்கு."

"தெரியும்க்கா."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே?"

"எனக்காக நான் எத்தனை நாளும் பாப்பேன். அவரு வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாரு. கை வலிக்காதா?"

அனாபா துருத்தியை எடுத்தான். பெயர்த்து வைத்திருந்த பழைய பித்தளைப் பட்டைகளைத் தேடி எடுத்து, மண்கிண்ணத்தில் உருக்கி, மணல் அச்சில் ஊற்றினான். பூட்டின் கூடு வந்துவிட்டது. சாவி வந்துவிட்டது. உள்ளே வைக்கிற தகடுகளில்தான் தடுமாறினான்.

"பித்தளைக்கு முறுக்கு கெடையாது தாயி. வளைச்சா வளைஞ்சபடியே நிக்கும். நெருப்புல காட்டாம பச்சையாவே தட்டித் தட்டி இறுக்கினா கொஞ்சம் வரும். ஆனா ரொம்ப நாள் தாங்காது."

"ஒரு தடவை தாங்கினாப் போதும்ண்ணே."

அவன் தட்டினான். சின்னச் சுத்தியலால், மெல்ல, ஓரமாக, மறுபடி ஓரமாக. இரும்பு ஆணிகளுக்குப் பதில் செம்புக் கம்பியை வெட்டித் திணித்து முடுக்கினான். இழுத்து இழுத்து நைந்திருந்த தோல் வளையங்களைத் தெஹித் புதிதாக மாற்றினாள். ஊசி இரும்பாயிற்றே என்று வேலமுள்ளால் ஓட்டை போட்டு, தோல்வாரைப் பல்லால் இழுத்து முடிந்தாள். வேலை முடிந்ததும் பூட்டிக் காட்டினான் அனாபா. படார் இல்லை. விரலால் கன்னத்தைத் தட்டியது போலச் சின்னதாய் ஒரு சத்தம்.

கெல்லா காத்திருந்தாள், கூலிக்கு என்ன கேட்பானோ என்று. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கொல்லனை அவள் அன்றுதான் பார்த்தாள். அவன் முகத்துணியை மூக்கு வரை ஏற்றிவிட்டுக்கொண்டு நெருப்பைக் கிளறத் தொடங்கினான்.

மாலை வெயில் மஞ்சளாகும் நேரம். கூடாரத்தில் இருந்த இரும்பையெல்லாம் கியார் ஒரு கூடையில் வெளியே எடுத்துப்போனான். கத்தி, கரண்டி, கோடாலி, அடுப்புக்கால். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, அக்காவின் முகமே சொல்லிவிட்டது. கடைசியாக அவள் தலைத்துணியின் நுனியிலிருந்து பழைய சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். பாரம் போனதும் துணி காற்றில் எழும்பி அவள் முகத்தில் அடித்தது.

பையைத் திறந்து துணியை எடுத்தாள். கையெல்லாம் நீலம். கட்டி விடுகிறேன் என்று சொன்னதல்லவா? முதல் சுற்றுக்கு எப்படி மடிக்க வேண்டுமோ அப்படி மடித்தாள். கொஞ்சம் கோணல்தான். அப்படியே விட்டாள். உள்ளே வைத்து, புதுப் பூட்டைப் பூட்டி, பித்தளைச் சாவியை அதிலேயே விட்டு, நடுக்கம்பத்தில் பையைத் தொங்கவிட்டாள். அதற்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். முகத்துணி கட்டும் ஆணை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை.

பொழுது சாய்ந்தது. கூப்பிடுகிற நேரம் வந்தது. அன்று அவள் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாளையம் முழுக்க அந்த மௌனத்தைக் கேட்டது. ஆடுகள்கூட அசை போடுவதை நிறுத்தின.

முதுகுக்குப் பின்னால் ஒரு குளிர். பிறகு அந்தச் சின்னச் சத்தம், கன்னத்தைத் தட்டியது போல. தாழ்க்கோல் தோல் வளையங்களிலிருந்து உருவப்படுவதை அவள் கேட்டாள். துணி விரிகிற சத்தம் வந்தது. நீலச் சாயத்தின் வாசனை கூடாரத்தை நிறைத்தது. அப்புறம் சுற்றுகிற சத்தம். சரக், சரக் என்று, அவசரமே இல்லாமல், ஒரு மனிதன் பயணம் கிளம்பும் முன் நிதானமாகக் கட்டிக்கொள்வது போல.

சத்தம் நின்றது. அவள் பின்னங்கழுத்துக்கு மிக அருகில், துணிக்குள்ளிருந்து வருவது போல ஒரு மூச்சு.

'போயிட்டு வாங்க' என்றுதான் நாக்கு வரை வந்தது. யாரையும் வழியனுப்பும்போது நாம் அப்படித்தானே சொல்வோம்? அவள் பாதியை விழுங்கினாள்.

"போங்க," என்றாள்.

அவ்வளவுதான். வாசல் துணி உள்ளிருந்து வெளியே ஒரு முறை அசைந்தது. ஆடுகள் மறுபடி அசை போடத் தொடங்கின.

எழுந்து பார்த்தபோது பை காலியாகத் தொங்கியது. பித்தளைத் தகடுகள் இரண்டும் வளைந்து படுத்துவிட்டன, ஒரு தடவைக்குத்தான் தாங்கின. பூட்டின் மேல் கட்டைவிரல் அளவுக்கு நீலமாய் ஒரு தடம் இருந்தது.

விடிந்ததும் கெல்லா வெளியே வந்து, "கியார், என் கூடாரத்தைப் பிரி," என்றாள். அன்று நடுப்பகலில் ஆண்கள் எல்லோரும் நிழலில் நன்றாகத் தூங்கினார்கள். யார் துணியும் அவிழவில்லை. வெயில் தணிந்ததும் பாளையம் வடக்கே நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புது இடத்தில் புல் நன்றாக இருந்தது. அங்கேதான் தெற்கிலிருந்து ஒரு ஆள் வந்தான். ஒட்டகம் வாங்க விற்க அலைகிறவன். தேநீர் குடித்து முடிக்கும் வரை செய்தியைச் சொல்லாமல் வைத்திருந்தான். பிறகு கெல்லாவைப் பார்க்காமல் கியாரிடம் சொன்னான்.

"எங்க பக்கத்துல ஒரு பாழுங்கிணறு. ஆடு தேடிப் போன ஒரு பொம்பளை அங்க ஒரு ஆள் கெடக்கிறதைப் பாத்திருக்கா. ரொம்ப நாளாச்சு போல, காத்துல காஞ்சு போயிருந்தானாம். கயிறு எட்டாம, தன் முகத்துணியை அவுத்துக் கயித்தோட சேத்துக் கட்டியிருக்கான். அது கிணத்துச் சுவத்துல அறுந்து தொங்குது. தண்ணி கெடைக்காமலே போயிட்டான், பாவம். மூஞ்சி வெறுமையாக் கெடந்துச்சுன்னு அவ அழுதுக்கிட்டே ஓடி வந்தா. நாங்க நாலஞ்சு பேரு மறுநாள் காலையில அடக்கம் பண்ணப் போனோம்."

அவன் தேநீர்க் குவளையை உள்ளங்கையில் உருட்டினான்.

"சொல்லுங்க," என்றாள் கெல்லா.

"போய்ப் பாத்தா மூஞ்சி மூடியிருக்கு. புதுத் துணி. நீலம் எங்க கையில ஒட்டுச்சு. சுத்தி மணல்ல ஒரு தடமும் இல்ல, அந்தப் பொம்பளையோட தடம் மட்டும்தான். அவ சத்தியம் பண்றா, நான் மூடலன்னு. கட்டுக்கூட…" அவன் சங்கடத்தோடு தன் துணியைச் சரிசெய்துகொண்டான். "கொஞ்சம் கோணலா இருந்துச்சு. ஓரத்துல சிவப்பு நூல்ல ஒரு தையல். எங்க பக்கத்துல யாரும் அப்படிப் போடறதில்ல. அப்படியே வெச்சு அடக்கம் பண்ணிட்டோம். அந்த ஆளு யாருன்னு உங்களுக்கு…"

"யாருன்னு சொல்லாதீங்க," என்றாள் கெல்லா. "பேரு வேண்டாம்." அவள் எழுந்து போய் அவனுக்குக் கம்பங்கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் கூடாரத்தின் பின்பக்கம் போய் அழுதாள். அப்போது தெஹித் கூட இருந்தாள்.

அந்தப் பை இன்னும் இருக்கிறது. தோல் மெத்தென்றுதான் இருக்கிறது. தகடு போன அந்தப் பித்தளைப் பூட்டை மாற்ற கெல்லா விடவில்லை, அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், பூட்டாது. வருடத்துக்கு ஒரு முறை அனாபா மணல் போட்டுத் தேய்த்துப் பார்ப்பான். அந்த நீலக் கட்டைவிரல் மட்டும் போகாது. "என் வேலை மேல அவன் கையெழுத்துப் போட்டுட்டான் பாரு," என்பான்.

கதை இவ்வளவுதான், கண்மணிகளே. சின்னவள் தூங்கிவிட்டாள், மெல்லத் தூக்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போகிறவர்கள் எல்லோரும் முகம் வாடாமல் திரும்பி வரட்டும். உங்கள் கிணற்றுக்கு உங்கள் கயிறு எட்டட்டும். உங்கள் வாசலில் நீங்கள் கூப்பிடுகிற பெயர்களுக்கெல்லாம் உயிருள்ள குரல் 'இதோ வந்துட்டேன்' என்று பதில் சொல்லட்டும்.